ஜப்பான் நடிகருக்கு ஒரு வாழ்த்துரை

மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவன் நான். இது நானாகச் சொல்வதில்லை. மெல்பேர்ணில் எங்கள் சனம் கூடும் மண்டபங்களில் கடைசி வரிசையில் இருந்து கொட்டாவி விட்ட அத்தனை பேரும் சொல்வது. வாழ்த்துரை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விருந்தினர் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், பெற்ற பிள்ளைகள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் கொத்துரொட்டி ஆறிவிடும். (ஆறினால் என்ன, மரியாதை முக்கியமில்லையா?)

அந்த மரியாதையை ஒரு ஜப்பான்காரருக்கும் செய்யப் போய்த்தான் என் மானம் கப்பலேறியது.

ஜப்பான்காரர் என் மனைவி சுகந்தியின் ஆள். பெயரை எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. பதினாறு வயதில் ஐந்து பையன்கள் சேர்ந்த பாட்டுக் குழுவில் ஆடிப் பாடி, பிறகு நடிகரானவர். நாங்கள் நகரத்துக்கு வெளியே வெரிபீக்குக் குடிவந்த புதிதில் அயலில் பாதி வீடுகள் கட்டி முடியவில்லை. நான் விடிய ரயிலேறி வேலைக்குப் போய்விடுவேன். கைக்குழந்தையோடு தனியே இருந்த சுகந்திக்கு டிவியில் அகப்பட்ட துணை அவர்தான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் அவருடைய வாழ்க்கை வரலாறு எனக்குப் பரிமாறப்பட்டது. இடியப்பம், சொதி, ஜப்பான்காரர். சொந்தத் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இவருடைய நாலாவது இசைத்தட்டு ஏன் விற்கவில்லை என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

போன வருடம் அவர் நடித்த படத்தை நகரத்தில் ஒரு தியேட்டரில் போட்டார்கள். அவரே வருகிறார், படம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பு. சுகந்தி ஒரு கிழமையாகக் கேள்வி எழுதினாள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் மிஞ்சிய ஒரேயொரு வரியை மகள் அபியைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். என்ன கேள்வியென்று விசாரித்தேன்.

"அவருக்கு எழுதினது. உங்களுக்கில்லை," என்றாள்.

படம் முடிந்தது. மேடையில் அவர் வந்து கதிரையில் அமர்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு மெல்லிய பெண், மடியில் சின்னக் கொப்பி. கேள்விகளுக்குப் பத்து நிமிடம் என்றார்கள். இரண்டு பேர் கேட்டு முடிய மூன்றாவதாக மைக் சுகந்தியிடம் வந்தது. அவள் எழுந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"என்னால ஏலாதப்பா. நீங்கள் வாசியுங்கோ," என்று தாளையும் மைக்கையும் என் கையில் திணித்தாள். "தாளில இருக்கிறதை மட்டும்!"

'மட்டும்' நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டதே! கடல் கடந்து வந்த மனுசனிடம் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்பதா? நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுக் கேட்போம் என்று தொண்டையைச் செருமினேன்.

"பெருமதிப்புக்குரிய விருந்தினர் அவர்களே," என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "மீன் சந்தையில் வேலை செய்த தகப்பனாருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தீர்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் கொப்பியில் எழுதினாள்.

பாட்டுக் குழுவுக்கு வந்தேன். முதல் மூன்று இசைத்தட்டுகளின் வெற்றியைப் பாராட்டினேன். "நாலாவதை ஒருவரும் வாங்கவில்லை. குழு உடைந்தது. கடைத் திறப்பு விழாக்களில் பாடினீர்கள். ஆனாலும் நீங்கள் மனம் தளரவில்லை!" எங்கள் மண்டபத்தில் இந்த இடத்தில் கைதட்டு விழும். அதற்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். யாரோ இருமினார்கள்.

விட்டேனா? "பிறகு ஒரு துப்பறியும் தொடரில் பிணமாக நடித்தீர்கள். நீங்கள் மூச்சு விட்டதை நாங்கள் ஒரு தடவைகூடக் காணவில்லை!"

சுகந்தி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். நல்லாய்ப் போகிறது, விடாதீர்கள் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியை நடத்தியவர் பொறுமையாகக் கேட்டார்: "ஐயா, இதில் கேள்வி ஏதாவது உண்டா?"

"அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்," என்றேன். வந்துகொண்டே இருந்தேன். "இறுதியாக" என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது "இறுதியாக"வில் நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கைப் பறித்தார்கள். மொழிபெயர்ப்பாளப் பெண் கொப்பியில் பல பக்கங்களைப் புரட்டிப் புரட்டிச் சொல்லி முடித்தாள். நடிகர் எழுந்து என்னை நோக்கி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அப்போதுதான் இடது கையில் மடித்தபடி இருந்த தாளைக் கண்டேன்.

திரும்பும் ரயிலில் சுகந்தி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தாளை விரித்து வாசித்தேன். 'பாட்டை விட்ட பிறகு, வீட்டில் தனியாக இருக்கும்போது பாடுவீர்களா?'

அவ்வளவுதான். ஊரில் கோயில் திருவிழாவென்றால் சுகந்தியின் பாட்டில்லாமல் இருக்காது. இங்கே வந்து, பிள்ளை, ஆஸ்பத்திரி வேலை, ஷிப்ட் என்று எப்போது நிறுத்தினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஜப்பான்காரரின் வரலாற்றை மனப்பாடம் செய்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றியதேயில்லை. வெட்கமாக இருந்தது.

"நான் ஒரு மடையன்," என்றேன்.

"ஓம்," என்றாள்.

ஆறு மாதம் கழித்து அபி ஓடிவந்து போனை நீட்டினாள். ஜப்பானிய அரட்டை நிகழ்ச்சி ஒன்று. நம்ம ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. "மெல்பேர்ணில் ஒரு பெரியவர் என் வாழ்க்கையை என்னிடமே சொன்னார். நான் இறந்துவிட்டேன், இது என் அஞ்சலிக் கூட்டம் என்று நினைத்தேன்."

அபி கதிரையிலிருந்து விழுந்து சிரித்தாள். இந்த வீடியோ பரவியதிலிருந்து இங்கே அறுபதாம் கலியாணம் வைக்கும் ஒருவரும் என்னைப் பேசக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் ஆயுள் குறைந்துவிடுமாம்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "பக்கத்தில் ஒரு பெண்மணி அவருடைய சட்டையை இழுத்துக்கொண்டே நின்றார். கேள்வி அந்தப் பெண்மணியுடையதாக இருக்க வேண்டும். என்ன கேட்க வந்தார் என்று இன்றும் யோசிப்பேன்."

சுகந்தி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். முகம் அப்படியே சிவந்துவிட்டது.

"அம்மா, கொமென்ட்ல கேள்வியைப் போட்டுவிடட்டா? ஹீ மைட் ஆன்ஸர்!" என்றாள் அபி.

சுகந்தி போனைப் பறித்து மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"விசரே உனக்கு? பன்னிரண்டு வருசம் நான் அந்தாளை யோசிச்சனான். இப்ப அவர் கொஞ்சம் யோசிக்கட்டும்."