வண்டுச் சான்றிதழ்

அரிசிக் கடைகளில் விற்பது அரிசிதான் என்பதற்கு அதுவரை அத்தாட்சி எதுவும் இருந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் சோற்றை உருட்டித் தரையில் அடித்து, அது எம்பிக் குதித்ததைப் படம்பிடித்து, பிளாஸ்டிக் அரிசி என்று பரப்பிய பிறகுதான் ‘மெய்யரிசி உறுதிப்பாட்டுப் பிரிவு’ என்றொரு அலுவலகம் பிறந்தது. அதற்கு நாற்காலிகள் வந்தன. முத்திரை வந்தது. சோதிக்கும் கருவி மட்டும் வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த அரிசிக் கடைக்காரம்மாவுக்கு மடியில் கனமில்லை. பதினாலு வருஷமாகச் சலித்து, காயவைத்து, மூட்டைக்குள் காய்ந்த மிளகாய் போட்டுக் காப்பாற்றிய அரிசி. ஒரு வண்டு கண்ணில் பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆய்வாளர் வந்தார். ஒரு பிடி அரிசியை வெள்ளைத் தாளில் பரப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“வண்டு எங்கம்மா?”

“நம்ம கடையில வண்டே கிடையாது சார்.” குரலில் பெருமை வழிந்தது.

“ஒண்ணுகூடவா?”

“சத்தியமா சார்.”

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். “நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வேலை மிச்சம்.”

“என்னத்த சார் ஒத்துக்கிட்டேன்?”

“கருவி வர்ற வரைக்கும் இடைக்கால நடைமுறை இது. பிளாஸ்டிக்கை வண்டு தின்னாது. தின்னா அரிசி, தின்னலைன்னா சந்தேகம். உங்க கடையை ஒரு வண்டுகூட நம்பலையேம்மா, நான் எதை வச்சு நம்புறது?”

“இப்பவே பொங்கிப் போடறேன். சாப்பிட்டுப் பாருங்க.”

“சாப்பிட்டுக் கண்டுபிடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. மூணு நாள் டைம். உயிரோட ஆதாரம் காட்டுங்க. இல்லைன்னா கடைக்குப் பூட்டுதான்.”

எதிர்த்த அரிசிக் கடைக்காரர் விளக்குமாற்றை விலைக்கு வாங்கியதே இல்லை. அவர் கடையில் முதல் தரச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. அன்று சாயங்காலம் அவள் ஒரு தூக்குவாளியோடு தெருவைத் தாண்டிப் போனாள்.

“தம்பி, ஒரு உதவி. கொஞ்சம் வண்டு வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. சான்றிதழ் வந்ததிலிருந்து அவர் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. “நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி வளர்ந்ததுங்க, அக்கா. தர்றேன். ஆனா அந்த மிளகாயை எல்லாம் எடுத்துப் போட்டுடு. காரம் தாங்காதுங்க.”

மூன்று நாள் அவள் சலிக்கவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். நான்காம் நாள் ஆய்வாளர் பதினொரு வண்டுகளை எண்ணி, மனம் குளிர்ந்து முத்திரை குத்தினார். கடை பிழைத்தது.

பிழைத்ததென்றால் கொஞ்சநஞ்சமல்ல, கூட்டம் அலைமோதியது. படித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

“இதுல நடமாட்டம் கம்மியா தெரியுதே,” என்றார் கணக்கு டீச்சர். “அந்த மூட்டையிலருந்து போடுங்க.”

வங்கி மேனேஜர் வாங்கிப்போன பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். “எல்லாம் செத்துக் கிடக்கும்மா. அரிசியில ஏதோ கலந்திருக்கு.”

அவள் உயிருள்ளதாக மாற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கென்று மட்டும் ஒரு மூட்டையைப் பழையபடி சலித்து, மிளகாய் போட்டு, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில்தான் பொங்கிக் கணவருக்குப் பரிமாறினாள். மல்லிகை மொட்டு மாதிரி சோறு. இருபது வருஷமாக அவள் போட்டதை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்ட மனுஷர், விரலால் இப்படியும் அப்படியும் கிளறினார்.

“என்னங்க தேடறீங்க?”

“இல்ல… கறுப்பா ஒண்ணுகூடக் காணோமே.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நம்ம கடை அரிசிதானே இது?”

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கரண்டியைத் தரையில் வைத்தாள். அப்புறம் அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அவளும் தேட ஆரம்பித்தாள்.