சிவப்புக் கோடு இல்லாத நாடு

நிரலகம் என்ற நாட்டில் மழையைத் தவிர மற்ற எல்லாமே எழுதி வைத்தபடிதான் நடந்தது. மதகைத் திறப்பவரும், பள்ளி மணியை அடிப்பவரும், ரொட்டி அடுப்பை மூட்டுபவரும் தங்கள் கையில் கொடுத்த நிரலில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வார்கள். இல்லாததைச் செய்யமாட்டார்கள். சொந்தமாக யோசிப்பது அங்கே வழக்கத்திலேயே இல்லை. அதனால் நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்நாட்டில் நல்ல மரியாதை இருந்தது.

அமுதவல்லி வாய்க்கால் மதகுகளுக்கு நிரல் எழுதுகிறவள். ஆற்று நீரை எப்போது உள்ளே விடுவது, வாய்க்கால் எவ்வளவு நிறைந்ததும் கதவை மூடுவது என்பதெல்லாம் அவள் எழுத்து. ஆற்றைவிடத் தாழ்வாகக் கிடந்த பள்ளக்கரைக் குடியிருப்பு அந்த எழுத்தை நம்பித்தான் இருந்தது. அவளுடைய தங்கை பூங்காவனமும் அங்கேதான் குடியிருந்தாள். “உன் எழுத்தை நம்பித்தான்க்கா நான் பாய விரிக்கிறேன்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

நிரலர்கள் தனியாக எழுதுவதில்லை. அவர்களுடைய தோளுக்குப் பின்னால் துணைவர்கள் நிற்பார்கள். பாதிச் சொல் எழுதும்போதே மீதியைச் சொல்ல ஒருவர், கோணல் வரிகளை நேராக்க ஒருவர், ஒரு பெயரை முதலில் எங்கே விளக்கினோம் என்று ஓடிப்போய்ப் பார்த்துவர ஒருவர். கடைசியாக, தவறு கண்ட இடத்தில் சிவப்புக் கோடு போட ஒருவர். அவருக்குச் சிவப்பர் என்று பெயர். அவரை யாருக்கும் பிடிக்காது.

அமுதவல்லியின் சிவப்பர் மருதப்பர். பெரிய நச்சரிப்புக்காரர். வரிகளுக்கு நடுவே இடம் கொஞ்சம் கூடிவிட்டாலும் கோடு போடுவார். நன்றாக இருக்கிற சொல்லுக்கும் சந்தேகத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார்.

“அம்மா, கதவைத் திறக்கச் சொல்லியிருக்கீங்க. மூடச் சொல்லலியே?”

“அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?”

“சொல்ல வேண்டியது என் வேலைங்கம்மா” என்பார். கோட்டை அழிக்கமாட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவாள்.

நாட்டில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. துணைவர்கள் குறைவாக இருக்க வேண்டும் என்றது சிறுமேசைக் கட்சி. எத்தனை பேர் நின்றாலும் நல்லதுதான் என்றது பெருமேசைக் கட்சி. சாப்பாட்டுக் கடையிலும் கல்யாண வீட்டிலும் இதே சண்டைதான். எந்தத் துணைவர் நல்லவர் என்ற பேச்சு வந்துவிட்டால், எழுத வேண்டிய நிரலை மறந்துவிடுவார்கள். அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லித்தான் அதிபதி ஆட்சிக்கு வந்தார். வந்ததும் துணைவர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு அமைத்தார். மருதப்பரைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டிருந்த அமுதவல்லியும் அதில் உறுப்பினர் ஆனாள்.

கருவித்துறை அமைச்சர் மகிழ்மாறர் குழுவின் தலைவர். “நல்ல துணைவரை எப்படிக் கண்டறிவது? மிக எளிது” என்றார் அவர். “எவருடைய மேசையில் சிவப்புக் கோடு குறைவோ, அங்கே தவறும் குறைவு. தவறு குறைந்த மேசையின் துணைவரே சிறந்த துணைவர்!”

எல்லோரும் தலையாட்டினார்கள். கோடு போடாமல் இருப்பது வேறு, தவறு இல்லாமல் இருப்பது வேறு என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். அமுதவல்லிக்குத் தோன்றியது. ஆனால் அன்று காலையில்தான் மருதப்பர் அவள் எழுதிய பக்கத்தை ரணகளமாக்கியிருந்தார். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சோதனை நடந்தது. மருதப்பருக்குக் கடைசி இடம். அமைச்சரின் மைத்துனர் நடத்திய பயிற்சிக் கூடத்தில் இன்முகர் என்ற பட்டம் பெற்று வந்த ஒருவர் ஒரு கோடுகூடப் போடாமல் முதலிடம் பிடித்தார். முடிவை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அமைச்சர். அமுதவல்லியும் தூக்கினாள். அந்தக் கையை நினைத்து அவள் பிற்காலத்தில் அழாத நாள் குறைவு.

முதல் ஆணை வந்தது. பழைய துணைவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு நிரலருக்கும் கூடத்திலிருந்து ஓர் இன்முகர் வருவார். மருதப்பர் தன் மைப்புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, “போயிட்டு வரேங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

புது இன்முகர் பொறுமைசாலி. எதை எழுதினாலும் “அருமை அம்மா” என்றார். அமுதவல்லி ஒரு சொல்லைத் தொடங்கினால் வரியையே முடித்துக் கொடுத்தார். வேலை மளமளவென்று நடந்தது.

கொஞ்ச நாளில் பள்ளி மணிக்கு எழுதிய நிரலில் நிறுத்தச் சொல்லும் வரி விட்டுப்போனது. மணியடிப்பவர் அடித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகலாமா என்று தெரியாமல் பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். மாவு தீர்ந்த பிறகும் ரொட்டிக் கடைக்காரர்கள் வெறும் தட்டை அடுப்பில் வைத்து எடுத்தார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். அரசு உடனே இரண்டாவது ஆணையைப் பிறப்பித்தது. சிவப்பு மை மனச்சோர்வு தருவதால் நாட்டில் அதை விற்கக் கூடாது. மணி ஓயாததைப் பற்றிக் கேட்டவர்களிடம், “கல்வியின் ஓசை இடைவிடாது ஒலிக்கும் ஒரே நாடு நம் நாடு” என்றார் மகிழ்மாறர்.

மூன்றாவது ஆணைதான் மோசம். இன்முகர் முடித்துக்கொடுத்த வரியை யாரும் அடித்துத் திருத்தக் கூடாது. அதன் பிறகு முறையீடு எழுதவும் வழியில்லை. ‘எங்கள் தெருவில் ரொட்டி’ என்று ஒருவர் தொடங்குவார். ‘தாராளமாகக் கிடைக்கிறது’ என்று தோளுக்குப் பின்னாலிருந்து வரும். அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடியிலும் இன்முகர்களை நிறுத்தினார்கள். அதிபதிக்கு இதுவரை கிடைக்காத வெற்றி கிடைத்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் பள்ளக்கரை வாய்க்காலுக்குப் புது மதகு கட்டினார்கள். அமுதவல்லி அதற்கு நிரல் எழுதினாள். முடித்தபோது எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. மேலிருந்து கீழே படித்தாள். கண்ணில் எதுவும் படவில்லை. இத்தனை காலமும் குறையைத் தேடியது மருதப்பரின் கண். அவள் கண்ணுக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

“எதாவது விட்டுப்போச்சா, பாருங்களேன்” என்றாள்.

“மிக அருமை அம்மா. ஒரு கோடுகூட இல்லை பாருங்கள்!”

அவள் நிரலைக் கொடுத்துவிட்டாள்.

மழை வந்தது. மதகுக்காரர் நிரலில் இருந்தபடி கதவைத் திறந்தார். வாய்க்கால் நிறைந்தது. மூடச் சொல்லி நிரலில் எதுவும் இல்லாததால் அவர் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலில், மதகுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கவே, பள்ளக்கரை முழுகியது. தப்பித்தவர்கள் சிலர். அவர்களில் பூங்காவனம் இல்லை.

விசாரணைக் குழு வந்தது. நிரலை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “சிவப்புக் கோடு எங்கும் காணப்படவில்லை. ஆகவே தவறு நிகழவில்லை” என்று எழுதியது. தவறே இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வரும் என்று அமைச்சர் சபையில் கேட்டார். அமுதவல்லி எழுந்து, “அந்த நிரல் தப்புங்க. நான்தான் எழுதினேன்” என்றாள். அவளுடைய அடக்கத்தைப் பாராட்டி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் பழைய நிரலை மாற்றி எழுத அவளிடமே கொடுத்தார்கள். மூடும் வரியை முதல் காரியமாகச் சேர்த்தாள். ஆனாலும் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. தாளைச் சேலைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு மருதப்பர் வீட்டைத் தேடிப் போனாள்.

அவர் இளைத்துப்போயிருந்தார். அவருடைய மகள் இப்போது பயிற்சிக் கூடத்தில் இன்முகராக இருந்தாள். அப்பாவின் தோளுக்குப் பின்னால் சிரித்த முகத்தோடு நின்றாள்.

“பார்த்துச் சொல்லுங்க” என்றாள் அமுதவல்லி. “எத்தனை கோடு வேணா போடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

மருதப்பர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாளை மடித்து அமுதவல்லியின் கையில் கொடுத்தார்.

“அருமைங்கம்மா” என்றார்.

இவரும் அவர்கள் பக்கம் போய்விட்டாரே என்று அமுதவல்லி நினைத்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து தாளை விரித்துக் கையால் நீவியபோது ஓர் இடத்தில் விரல் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. மருதப்பர் நகத்தால் அழுத்தமாகக் கீறியிருந்தார்.

அந்த வரியைப் பார்த்தாள். வாய்க்கால் நிறைந்ததும் மூட வேண்டிய கதவை, வழிந்ததும் மூடச் சொல்லியிருந்தாள். திருத்தினாள்.

அந்த வருடம் மழை முந்தைய வருடத்தைவிடக் கனமாகப் பெய்தது. கதவு சரியான நேரத்தில் மூடிக்கொண்டது. பள்ளக்கரைக்குள் ஒரு சொட்டு நீர் வரவில்லை. மதகின் மேல் மேடை போட்டு மகிழ்மாறர் வெற்றி விழா நடத்தினார். இன்முகருக்கு மாலை போட்டார்கள். அமுதவல்லியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளக்கரை முழுவதும் தெரிந்தது. வீடுகள் இருந்த இடத்தில் கோரைப்புல் முளைத்திருந்தது. தப்பித்தவர்களும் திரும்பி வரவில்லை; காப்பாற்றுவதற்கு அங்கே யாரும் இல்லை. விழாவைப் பாராட்டி எல்லோரும் கை தூக்கலாம் என்றார் அமைச்சர். அவளைச் சுற்றி இருந்த எல்லோரும் தூக்கினார்கள். அமுதவல்லி தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.