முதுகில் காற்று, முகத்தில் கடல்

கடலுக்கடியில் நம் இடுப்பளவை யாரும் பார்க்கப்போவதில்லை. மீன்களுக்கு அதில் அக்கறையும் கிடையாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், குமரன் அண்ணனின் முக்குளிப்புச் சாமான் கடையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வாங்கினால் ‘விங்’தான் வாங்க வேண்டும்!

விஷயம் தெரியாதவர்களுக்காக. ஸ்கூபா முக்குளிப்பில் காற்றுச் சிலிண்டரை முதுகோடு சேர்த்துக் கட்ட ஒரு சட்டை போடுவோம். பி.சி.டி. என்பார்கள். பொத்தானை அழுத்தினால் அதற்குள் காற்று நிரம்பும், மிதப்போம். காற்றை வெளியே விட்டால் இறங்குவோம். இதில் இரண்டு தினுசு. ஜாக்கெட் வகையில் காற்று இடுப்பைச் சுற்றி நிறையும். விங் வகையில் முதுகுப் பக்கம் மட்டும்தான்.

ஜாக்கெட்டைப் போட்டு, காற்றடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். எண்ணெயில் அப்போதுதான் உப்பி வந்த பூரி ஒன்று என்னைப் பார்த்து முழித்தது. விங்கைப் போட்டேன். முன்னால் வெறும் பட்டைகள்தான், இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. (பொறியியல் பட்டம், இணையத்தில் கண் வலிக்கப் பார்த்த காணொளிகள், எல்லாம் இருந்தும் கடைசியில் முடிவெடுத்தது கண்ணாடி.)

கூட வந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அவர் ‘ரிஜெக்ட்’ என்று ஓரமாக வைத்ததை முதலாளியே வந்தாலும் திரும்ப எடுத்து வைக்க முடியாது. தீபாவளிக்குச் சேலை எடுப்பதுபோல இரண்டையும் கசக்கிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி துணியே இல்லையேடி. நெஞ்சுல காத்து பட்டா சளி புடிக்கும்.”

“தண்ணிக்குள்ள ஏதும்மா காத்து?”

“அப்ப தண்ணி படும்ல?”

கடைக்காரரும் எனக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவருமான குமரன் அண்ணன் நடுவில் புகுந்தார். “ரெண்டுமே நல்லதுதான் லா, அக்கா. விங்ல கீழ நீந்த சுகமா இருக்கும். மேல வந்தப்புறம் மட்டும் காத்த கம்மியா அடிச்சிட்டு, பின்னால சாஞ்சிக்கணும். இல்லன்னா...”

இல்லன்னா என்ன என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியில் என் பக்கவாட்டுத் தோற்றத்தில் மூழ்கியிருந்தேன். “சரி, ஞாயித்துக்கிழம கடல்ல போட்டுப் பாரு, அப்புறம் வாங்கு” என்று விங்கைக் கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னொரு பரீட்சையும் இருந்தது. தோழிகள் மூவரோடு டாயாங் தீவுக்கு முக்குளிக்கப் போக வேண்டும், அதற்கு அம்மாவின் அனுமதி வேண்டும். (சொந்தச் சம்பளம், சொந்தக் கார். ஆனாலும் பெர்மாஸ் ஜெயா வீட்டில் அம்மா சமையலைச் சாப்பிடுகிறவள் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.) “ஒரு தடவ உன்ன கடல்ல பாக்கிறேன். சரியா வந்தா போ. இல்லன்னா இதோட மூட்ட கட்டு” என்றார். ஆக, மெர்சிங் படகுத்துறையிலிருந்து புறப்பட்ட படகில் அம்மாவும் இருந்தார். பஞ்சாபி சூட், அதன்மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி, மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

கீழே எல்லாம் அபாரம். பவளப்பாறைக்கு மேல் பறப்பதுபோல் நீந்தினேன். குமரன் அண்ணனுக்கு முன்னாலேயே மேலே வந்து, வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, படகைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. “தாரு! கழுத்து வரைக்கும் முங்கிக் கெடக்கிற! காத்த அடி!”

அடித்தேன்.

“இன்னும் அடி!”

இன்னும் அடித்தேன். அம்மா மனசு குளிர வேண்டும், டாயாங் கிடைக்க வேண்டும். முதுகில் விங் விம்மிப் புடைத்தது. யாரோ பிடரியில் கைவைத்துத் தள்ளியதுபோல் முகம் குப்புறக் கடலுக்குள் போனேன். நிமிர்ந்தேன். “அம்மா, நான் நல்லா...” ஒரு மிடறு. “...தான் இரு...” இன்னொரு மிடறு. ஒன்றுமில்லை என்று கையைத் தூக்கி ஆட்டினேன். படகிலிருந்து பார்த்தவருக்கு, அது உலகத்திடம் விடைபெறும் கையாகத் தெரிந்திருக்கிறது.

“அய்யோ, என் புள்ள!”

தொப். முதலில் நாசி லெமாக். அடுத்த தொப், அம்மா. கடற்கரைக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் நனையாதவர், நீச்சல் தெரியாதவர், ஆழ்கடலில் குதித்துவிட்டார். உயிர்காப்பு அங்கி அவரைத் தக்கைபோல் நிமிர்த்தி நிறுத்தியது. கையையும் காலையும் அடித்துக்கொண்டு வந்தவரின் கைக்கு முதலில் அகப்பட்டது என் சடை. பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பின்னால் இழுத்தார்.

தலை பின்னால் சாய்ந்தது. நெஞ்சு மேலே வந்தது. விங் முதுகுக்கு அடியில் போனது. சாய்வு நாற்காலியில் படுத்தவள்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன்.

அப்போதுதான் மேலே வந்த குமரன் அண்ணன் கத்தினார். “அதான்! இததான் கடையில சொன்னேன்! அக்கா, அப்படியே புடிச்சிக்குங்க!”

“நான் விட்டாத்தானே தம்பி!”

பிறகுதான் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். “அலமாக்! தாரு, கால் எட்டலடி!”

“கடல்மா இது.”

அம்மா காலை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அப்புறம் சின்னக் குரலில், “மிதக்கிறேன்டி” என்றார். படகுக்காரர் ஏணியை இறக்கினார். “இருங்க, என்ன அவசரம்?” என்று அவருக்கு ஒரு திட்டு. சடையை மட்டும் விடவே இல்லை.

அதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அத்தைமார்கள் என் சடையை ஓர் இழுப்பு இழுத்து, “கெட்டியாதான் இருக்கு” என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். நான் தும்மினால்கூட என் தம்பி, “பின்னால சாயி!” என்கிறான். முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் வாய்தவறிக் கேட்டதற்கு வீடே எழுந்து நின்றது.

விங்கைத்தான் வாங்கினேன். கொஞ்சமாகக் காற்று, பின்னால் சாய்வு, இப்போது பழகிவிட்டது. டாயாங்குக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. என்ன, அது இரண்டு பேருக்கான அனுமதி. அம்மா குமரன் அண்ணனிடம் தன் பெயரையும் கொடுத்து, ஜாக்கெட் வகையில் தனக்கொன்று எடுத்து வைக்கவும் சொல்லிவிட்டார். நீச்சல் குளத்தில் அவருக்குப் பாடம் நடக்கிறது.

அம்மாவும் வருவது தோழிகளுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை மூவரையும் தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் ரொட்டி சானாய் வரட்டும். இரண்டாவது ரொட்டிக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.