ஆட்சேபணை நைனா திரும்பி உட்கார்ந்த நாள்

அரசாங்கம் சுவரில் ஒட்டும் அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் மதித்துக் கேட்ட மனிதர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் படிக்கத் தெரியாதவர். பழவேற்காட்டில் அவரை ஆட்சேபணை நைனா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதற்கும் தொட்டிலிலேயே அவர் ஆட்சேபணை தெரிவித்திருப்பார் என்று ஊர் நம்பியது.

ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் புதுக் காகிதம் தெரிந்தால் பசை காய்வதற்குள் நைனா வந்து நிற்பார். இடுப்பில் ஈரத்துணி, காலில் சேறு, தோளில் இறால் போடும் பனையோலைப் பறி.

"சார், இன்னா போட்டுக்கிறான் கெவுருமெண்ட்டு? படி."

படிப்பேன். அவர் காத்திருப்பது கடைசி வரிக்காக. இந்த வரைவு விதிகளின் மேல் ஆட்சேபணை இருந்தால் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்ற இடம் வந்ததும் முகம் மலரும்.

"பாத்தியா! என்னத்தான் கேக்கறான். எழுதிக்கோ."

பேருந்து நேரத்தை மாற்றும் வரைவுக்கு ஆட்சேபணை. "பொன்னேரி பஸ்ஸு முன்னாடியே பூட்டா என் பொஞ்சாதி சண்டைய பாதில உட்டுட்டு போவும். மீதிய நான் யாராண்ட போடறது?" நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்ற வரைவுக்கு ஆட்சேபணை. "அதுங்களா எங்களுக்கு காவலு? நாங்கதான் சார் அதுங்களுக்கு காவலு." அவர் நாய் வளர்க்கவில்லை என்பது வேறு விஷயம். நான் சிரித்துக்கொண்டே எழுதுவேன். அவர் கட்டைவிரலை உருட்டி வைப்பார். மேலே அனுப்புவேன். அது என்ன ஆனது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டார்கள், சொன்னோம், அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஒருமுறை ஊரிலிருந்த பழைய டச்சுக்காரர்களின் கல்லறை மதிலைக் காட்டி, "இவனுங்க இங்க கோட்டை கட்டறப்ப நோட்டீஸு ஒட்டினானா சார்?" என்றார்.

"ஒட்டியிருக்க மாட்டாங்க நைனா."

"அதான பாத்தேன். ஒட்டியிருந்தான்னா நம்மாளு ஒருத்தன் போயி சொல்லியிருப்பான். இவனுங்களும் அவனவன் ஊர்லயே நல்லபடியா செத்திருப்பானுங்க."

அந்த வாய் மூடியிருக்கும் ஒரே இடம் ஏரி. நைனாவின் குப்பத்து ஆட்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. ஆழமில்லாத நீரில் குந்தி நகர்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பறியின் கயிறு பல்லில் கடிபட்டிருக்கும். கை சேற்றில், வாய் கயிற்றில். அந்த நேரத்தில் இன்னொருவர் தன் தடத்துக்குள் வந்துவிட்டால் எப்படிக் கத்துவது? திரும்பி முதுகைக் காட்டுவார்கள். வந்தவர் ஒதுங்கிப் போய்விட வேண்டும். தண்ணீரில் பிறந்த அந்த வழக்கத்தைக் கரையிலும் பெரிய விஷயங்களுக்கு வைத்திருந்தார்கள்.

நைனா மகளின் நிச்சயதார்த்தத்தில் அதை நேரில் பார்த்தேன். பாயசத்துக்கு ஆட்சேபணை, மேளத்துக்கு ஆட்சேபணை, மாப்பிள்ளையின் மீசைக்கும் ஆட்சேபணை. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது மாப்பிள்ளையின் தகப்பன், பெண் இனிமேல் பொங்கலுக்கு மட்டும் தாய்வீடு வந்தால் போதும் என்றான். நைனா எழுந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். மேளம் நின்றுவிட்டது. சம்பந்தி ஓடிவந்து கும்பிட்டான்.

"வேணாம் சம்மந்தி, இந்தப் பக்கம் திரும்பு. பொண்ணு எப்ப வேணா வரட்டும், போவட்டும்."

பிறகு நான் விசாரித்தபோது நைனா சொன்னார்: "வாயால சொன்னா பதிலுக்கு நீ ஒண்ணு சொல்லுவ சார். முதுகாண்ட இன்னா சொல்லுவ?"

ஆகவே அந்த முதுகுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு அந்த வரைவு வந்தது. ஏரியில் இறங்கிப் பிடிக்க உரிமம் வேண்டும். படகோ வலையோ பதிவு செய்தவருக்கே உரிமம். படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்தும் நைனாவின் முகம் மலரவில்லை.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"படகு, வலைன்னான். கையின்னு போடலியா அதுல?"

"கை இல்ல நைனா."

எழுதிக்கோ என்று அவர் சொல்லவில்லை. பறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு டச்சுக் கல்லறை எதிரே பந்தல் போட்டோம். கல்லறை வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகள்தான் நேரத்துக்கு வந்திருந்தன. மேலதிகாரி மதியம் ஜீப்பில் வந்தார். படகுக்காரர்கள் வலைக்கண்ணி அளவைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். அதன்பின் கையால் தடவுகிறவர்கள் வந்தார்கள். ஆண், பெண், கைக்குழந்தை என்று மொத்தக் குப்பமும். முன்னால் நைனா, சலவைச் சட்டையில். மேசைக்கு எதிரே வந்து, எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னய்யா, நாம இங்க இருக்கோம், இவங்க அந்தப் பக்கம் பாக்கறாங்க?"

"காத்து அங்கேர்ந்து வருது சார்" என்றேன்.

பந்தல் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். என் சென்னை மாற்றல் கோப்பு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. விளக்கம் சொன்னால் கூட்டம் நீளும், அறிக்கை சிக்கலாகும், அவர் முகம் சுளிப்பார். என் நியாயம் இவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா? பெரியவரே?" என்று அதிகாரி அந்த முதுகுகளிடம் கேட்டார்.

ஒருவரும் திரும்பவில்லை.

"சரி. ஆட்சேபணை எதுவும் இல்லைனு எழுதிக்கங்க."

எழுதினேன். பேருந்துக்கும் நாய்க்கும் பக்கம் பக்கமாக அவருக்காக எழுதிய அதே கை.

கலையும்போது நைனா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஊரிலேயே பெரிய ஆட்சேபணையைச் சொல்லியாகிவிட்டது, தெரிந்தவன் ஒருவன் மேசையில் உட்கார்ந்திருக்கிறான் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

விதி வந்தது. எனக்கு மாற்றலும் வந்தது. சேற்றில் கை வைத்தவர்களின் பறிகளைப் பிடுங்கிப் போட்டார்கள் என்று சென்னையில் கேள்விப்பட்டேன். சிலர் காட்டூர்ப் பக்கம் நாற்று நடப் போனார்கள். நைனா மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல்காரராக இருக்கிறார் என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் போய்ப் பார்க்கும் தைரியம் வந்தது. மீஞ்சூரில் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, முதுகைக் காட்டிவிடுவாரோ என்று பயந்தேன். "வா சார்! எம்மே, நம்ம சாரு வந்துக்கிறாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"நைனா, அன்னிக்குக் கூட்டத்துல நான்..."

"தெரியும் சார். ரூலு வந்தப்பவே தெரியும்."

"ரெண்டு வார்த்தை திட்டு நைனா."

"அட, குந்து சார். சோறு ஆறுது."

நண்டுக் குழம்பு. அவர் மனைவி என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஏரி நண்டு இல்ல சார். மார்க்கெட்டுல வாங்கினாரு. நீ வருவன்னு எங்கயோ கேட்டுக்கினு காலைலயே போனாரு."

எத்தனையோ வருடம் ஏரிக்கரையில் வேலை பார்த்தும் எனக்கு நண்டு உடைக்க வராது. ஒரு காலை வைத்துக்கொண்டு திண்டாடினேன். நைனா அதை என் தட்டிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஓடு சத்தமில்லாமல் பிளந்தது. வெள்ளைச் சதையை முழுதாக உருவி என் சோற்றின்மேல் வைத்துவிட்டு, அடுத்த காலை எடுத்தார்.

"நீ சாப்டு சார், நான் உடைக்கிறேன்" என்றார்.