வால் பதவி

உலகமே திரண்டு வந்து கதவைத் தட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். காரணம், நகரத்தை ஒட்டிய தேசியப் பூங்காவில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கிற குழுவில் அவர் மனைவி தங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மனுஷன் நடக்கக் கூடாதுன்னுதான் லிஃப்டையே கண்டுபிடிச்சான். எங்கிட்டயே நடன்னு சொல்றியா?"

"நடங்கன்னு சொல்லலையே. பேர் குடுத்துட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள் அவள், கைக்குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

வெள்ளிக்கிழமை அவருக்கு முழங்கால் வலி வந்தது. சனிக்கிழமை அது முதுகுக்கு ஏறியது. அவள் தைலத்தை எடுத்துத் தேய்த்த தேய்ப்பில் இரண்டும் ஊரை விட்டே ஓடின. அப்புறம்தான் அவருக்கு மூளை வேலை செய்தது. காட்டுப் பாதை வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே வரும். வரிசையில் கடைசி ஆளாக நின்று, முதல் வளைவில் நழுவி, மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு, கூட்டம் திரும்பும்போது ஒட்டிக்கொண்டால் போதும். மனைவிக்குத் தலையாட்டின மாதிரியும் ஆச்சு, தலை சாய்த்த மாதிரியும் ஆச்சு.

பூங்கா வாசலில் வழிகாட்டிப் பெண் நேராக அவரிடம் வந்து, பச்சை மேலங்கியை மாட்டிவிட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டாள். கடைசி ஆளுக்குக் குழுவில் 'வால்' என்று பேராம். யாரும் பின்தங்காமல் ஓட்டிக்கொண்டு வருவது அவர் பொறுப்பாம்.

"நான் கடைசியா வர்றேன்னு யாரு சொன்னா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான். வேலைன்னு வந்தா எப்பவும் கடைசியிலதான் நிப்பாராமே?"

முன்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மனைவி, மரத்தில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கமாவது ஒன்றாவது. ஒவ்வொரு காளானுக்கும் மண்டியிட்ட ஓய்வுபெற்ற தபால்காரரைக் கிளப்பி, செருப்பறுந்த அத்தையைத் தாங்கி, வழி தவறிய புதுமணத் தம்பதியை விசிலடித்துக் கூப்பிட்டு, நாக்குத் தள்ள வாசலுக்கு வந்தார். இப்படி ஒரு வால் வாய்த்ததே இல்லை என்று வழிகாட்டி சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக்கின் காது சிவந்து, நெஞ்சு நிமிர்ந்தது. இந்த மழைக்காலம் முடிகிறவரை ஞாயிறுதோறும் நீங்களே வாலாக வர வேண்டும் என்று வழிகாட்டி கேட்டதும், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கம்பீரமாகச் சொன்னார்:

"நான் இல்லாம ஒரு வரிசையும் நகராது. இனி யார் தடுத்தாலும் வருவேன்."

அவள் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் மேலங்கி மாட்டி, விசிலைத் துடைத்து, மனைவியைத் தட்டி எழுப்பினார்.

அவள் போர்வையை இழுத்துக் குழந்தையையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

"என் பேரை அன்னிக்கே எடுத்துட்டேனே. குட்டி பொறந்ததுலேருந்து நான் ஒரு ஞாயித்துக்கிழமைகூட நிம்மதியா தூங்கல. கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க."