என் மகள் மருந்து கண்டுபிடிக்கவில்லை

குளச்சல்,
11.05.2014.

'துறைமுகத் தூதன்' மாத இதழின் ஆசிரியர் உயர்திரு. செல்வதாஸ் அவர்களுக்கு,

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பத்தில் ஏறி இறங்கி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற ஜஸ்டஸ், தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் ஆண்டவர் ஆயுளும் சமாதானமும் தரவேண்டும் என்று மன்றாடி எழுதும் கடிதம். இங்கே நானும் என் மனைவி செசிலியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனம் ஒப்பவில்லை. உங்கள் இதழுக்கு நான் பதினொரு வருடச் சந்தாதாரன் என்பதையும், இதுவரை ஒரு வரி குறை சொல்லி எழுதியதில்லை என்பதையும் முதலில் நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஜனவரி இதழின் பன்னிரண்டாம் பக்கத்தில் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார் குளச்சல் மகள்" என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, கீழே என் மகள் டெல்சியின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அவள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நாலாவது வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். படம் சரி, ஊர் சரி, அவள் அப்பா பெயரும் சரி. மருந்து மட்டும்தான் இல்லை. நடந்தது, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்கள் எட்டுப் பேர். அதில் அவள் பெயர் ஐந்தாவது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவள் எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்ததை, நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, செல்லுக்குள்ள டி.என்.ஏ. இருக்குல்லா, அதைப் பாத்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் உண்டாகும். சில நகல், புரதம் செய்யதுக்கு வழி சொல்லும். மிச்சம் உள்ளது புரதம் ஒண்ணும் செய்யாது. அதைத்தான் நான்கோடிங் ஆர்.என்.ஏ.ன்னு சொல்லுவாங்க. பண்டு அதைச் சும்மா கெடக்க குப்பைன்னு நெனச்சாங்க."

"குப்பையைப் பாக்கதுக்கா உன்னை பெங்களூருக்கு அனுப்பினேன்?"

"குப்பை இல்லப்பா. எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கிக் கெடக்கணும்னு தீர்மானிக்கதுல அதுக்கும் பங்கு உண்டு. கேன்சர் செல்லுல அதுல சிலது கூடிப்போவுது, சிலது குறஞ்சுபோவுது. அது ஏன்னு பாக்கோம். நான் பாக்கது அதுல ஒண்ணே ஒண்ணு."

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. தெருவிளக்கின் சுவிட்ச் வெளிச்சம் தராது. ஆனால் அது கெட்டுப்போனால் பட்டப்பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்காக எத்தனை பேரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். "அப்பம் மருந்து எப்பம் வரும்?" என்று கேட்டேன். "இது மருந்துக்குப் பக்கத்துலகூட வரல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அப்பத்தைத் தின்னப் போய்விட்டாள். இவ்வளவுதான் உண்மை.

இதழ் வெளியான இரண்டாம் நாள் காலையில், மீன்பிடி வள்ளக்காரர் சிலுவை ஒரு சாக்குப் பைக்குள் எக்ஸ்ரேயைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். விரித்துப் பார்த்தால் முழங்கால். "சிலுவை, இது கேன்சர் இல்லியே" என்றேன். "கேன்சருக்கே மருந்து உண்டுன்னா, முட்டுவலிக்கு இல்லாமலா இருக்கும் லைன்மேன் சாரே?" என்றார். அவருக்கும் சுவிட்ச் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், "அப்பம் சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லும். அதுக்கு என்னத்துக்கு எட்டுப் பேரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத் தொடங்கியதுதான். ஒரு வாரத்துக்குள் எங்கள் முன்னறை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவு மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள், குளிகைப் பட்டை, பேரனின் பல்லைப் படம் பிடித்த செல்போன் என்று எல்லாம் வந்தது. செசிலி சாயா போட்டுப் போட்டு, ஒரு நாள் சாயாப் பானையோடு அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால் அவள் பொய் சொல்ல மாட்டாள். "உள்ளதான் இருக்காரு, ஒங்களைக் கண்டா சடவு வருதுன்னு ஒளிஞ்சிருக்காரு" என்று சொல்லிவிடுவாள்.

டெல்சிக்கு நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையன் பெயர் பிபின், மஸ்கட்டில் வேலை. உங்கள் இதழ் அவர்கள் வீட்டுப் பக்கமும் போயிருக்கிறது. ஆனால் யாரோ பாதியை வாசித்து மீதியை வாயால் சொல்லியிருக்கிறார்கள். பையனின் அம்மா போன் செய்து, மிகுந்த இரக்கத்தோடு, "பிள்ளைக்கு இப்பம் எப்பிடி இருக்கு? முடி எல்லாம் கொட்டிப்போச்சா?" என்று கேட்டார். நோய் அவளுக்கு இல்லை, அவள் அதை ஆராய்கிறாள் என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. விளக்கம் முடிந்ததும், "அப்பம் தினமும் அதைக் கையால தொடுவாளா?" என்று கேட்டார். வரன் அத்தோடு நின்றது. செசிலி இரண்டு நாள் அழுதாள். டெல்சிக்குச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு, எனக்கு மூணு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி கெடக்கு" என்றாள்.

மார்ச் மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா. கூட்டத்தில் ஒரு கடையில் என் மகள் தட்டிபோர்டில் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று சிலுவைதான் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் உண்மை. உங்கள் இதழிலிருந்து எடுத்த அதே படம், அதன் கீழே 'நான்கோடிங் லேகியம்' என்று சிவப்பு எழுத்து. கடைக்காரன் ஏசுஅடிமை எனக்குத் தெரிந்தவன்தான். முன்பு தைலம் விற்றுக்கொண்டிருந்தான். "ஏலே, இது என்னலே?" என்று கத்தினேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. "அண்ணாச்சி, ஒங்க மகளுக்கு நான் ஓசியில விளம்பரம் செய்யேன். கோவப்படுதியளே" என்றான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி என்றான். "ஆர்.என்.ஏ. எங்கலே?" என்றேன். "எல்லாச் செல்லுலயும் இருக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கே. சுக்குல மட்டும் இருக்காதா?" என்றான். பிறகு டெல்சியிடம் கேட்டேன். சுக்கிலும் இருக்குமாம். போர்டை மட்டும் கழற்ற வைத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் செசிலி தன் பங்குக்கு ஒன்று செய்தாள். டெல்சி சோதனை செய்வது ஆள்களிடம் அல்ல, கண்ணாடித் தட்டில் வளரும் செல்களில். அந்தச் செல்கள், அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து நாற்பது வருடத்துக்கு முன் எடுத்து வளர்த்தவையாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், செல்கள் இன்னும் உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இதைப் போனில் கேட்ட செசிலி உடனே கோயிலுக்குப் போய் அந்த ஆன்மாவுக்காக ஒரு பூசை எழுதிவைத்தாள். பெயர் என்ன என்று கேட்ட, பூசைக் கணக்கு எழுதும் உபதேசியாரிடம், "பேரு தெரியாது, மகளோட லேப்ல இருக்க சிஸ்டர்" என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை அப்படியே வாசித்தார்கள். டெல்சியின் கூட வேலை பார்க்கும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஊரில் பாதிப் பேர் எங்களிடம் துக்கம் விசாரித்தார்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மார்ச் கடைசியில் முஸ்லிம் தெருவிலிருந்து தஸ்ரின் என்ற பெண் வந்தாள். அவள் மாமியார் மைமூன் பீவிக்கு மார்பில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து, ஆறு தடவை மருந்து ஏற்றவேண்டும் என்று சொல்லி, இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள். மகன் சஃப்வான் ஷார்ஜாவில். ஜனவரிக்குப் பிறகு மைமூன் பீவி ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லையாம். "ஒங்க வீட்டு அக்கா மருந்து கொண்டுவருவாங்கன்னு சொல்லிட்டு மாமி கெடக்காங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, சாரே. நீங்க ஒருக்கா வரணும்" என்று சொல்லி அந்தப் பெண் அழுதாள்.

போனேன். மைமூன் பீவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணைக்கு அடியில் உங்கள் பன்னிரண்டாம் பக்கம் நாலாக மடித்து இருந்தது. என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். தலைமுண்டை லேசாக விலக்கி, "பாத்தியளா அண்ணே, முடி முளைக்குது. அந்த மருந்தை நிறுத்தினதும் முளைக்குது. ஒங்க மவ மருந்து வரதுவரைக்கும் தாங்கிருவேன்" என்றார். சாம்பல் நிறத்தில் பூனை மயிர்போல் கொஞ்சம் இருந்தது. நான் முப்பத்து நான்கு வருடத்தில் இரண்டு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன், சார். அன்றைக்கு வாங்கியது மூன்றாவது.

டெல்சியைப் போனில் பிடித்து, விஷயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"உம்மா, என்கிட்ட மருந்து இல்ல" என்றாள் டெல்சி. "நான் ஒரு தட்டுல இருக்க செல்லைத்தான் பாக்கேன். அது மருந்தாகுமான்னு எனக்கே தெரியாது. அப்பிடியே ஆனாலும் பத்து இருபது வருசம் ஆகும்."

"பேப்பர்ல போட்டிருக்கே மக்களே" என்றார் மைமூன் பீவி.

"தப்பாப் போட்டுட்டாங்க உம்மா. ஒங்களுக்கு ஏத்துன மருந்தையும் என்னை மாதிரி ஆளுங்கதான் பண்டு தட்டுல வச்சுப் பாத்தாங்க. அது முடிஞ்சு வந்தது. என்னோடது முடியல்ல. முடிஞ்சதை விட்டுட்டு முடியாததுக்குக் காத்திருக்காதிய."

மைமூன் பீவி அந்தத் தாளை விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். பிறகு, "பஸ்ஸுல போனா எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டே இருக்கும். யாரு கூட வருவா?" என்று கேட்டார். தஸ்ரினுக்குக் கைக்குழந்தை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் நானும் செசிலியும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடிகாலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்க்கொண்டிருக்கிறோம். டாக்டர் முதல் நாள் என்னைத்தான் மலையாளத்தில் ஏசினார். நான்தான் மைமூன் பீவியின் வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டார். திருத்தவில்லை. வரிசையில் நிற்பது, அவர் வாந்தியெடுக்கப் பாலிதீன் கவரைப் பிடித்துக்கொள்வது, நர்ஸ் கூப்பிட்டால் ஓடுவது எல்லாம் நான். தலையைத் தாங்கிக்கொள்வது செசிலி. இடையில் விட்டுப்போன நாட்களால் என்ன கேடு என்று டாக்டர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். மூன்றாவது தடவையும் நான்காவது தடவையும் ஏற்றியாயிற்று. முளைத்த முடியும் கொட்டிவிட்டது. அதைக் கையில் எடுத்துக்காட்டி, "போச்சு அண்ணே" என்று அவர் சிரித்தபோது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. களைத்துவிட்டேன், சார்.

ஆகையால், விசாரிக்காமல் இப்படி ஒரு பொய்யை அச்சிட்டு, ஒரு குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்து, ஒரு நோயாளியின் சிகிச்சையையும் நிறுத்திய தங்கள் பொறுப்பற்ற செயலை வன்மையாகக் கண்டிக்கிறேன். ஜூன் இதழில், அதே பன்னிரண்டாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "டெல்சி மருந்து கண்டுபிடிக்கவில்லை, சிகிச்சையில் இருப்பவர்கள் யாரும் அதை நிறுத்தக் கூடாது" என்று திருத்தம் போடவேண்டும். மன்னிப்பும் கேட்கவேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் தோத்திரம். தங்கள் பேனாவுக்கு இனியாவது தூய ஆவியானவர் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
ம. ஜஸ்டஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது செசிலி கடிதத்தை எடுத்து முழுதும் வாசித்துவிட்டாள். வாசித்து முடித்து, "அந்த மனுசன் போன் பண்ணினப்பம் நீங்க என்ன சொன்னிய?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எனவே இதையும் எழுதவேண்டியதாயிற்று. நீங்கள் போன் செய்தபோது நான் மீன் ஏலத்தில் நின்றிருந்தேன். கூட வேலை பார்த்த நாலைந்து பேரும் பக்கத்தில் நின்றார்கள். மகள் செய்யும் ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். "மருந்து கண்டுபிடிச்சாச்சு சாரே, தைரியமா எழுதிக்கிடுங்க" என்று நான்தான் சொன்னேன். உறுதியாகத் தெரியுமா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது; என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை. தலைப்பும் நான் சொன்னதுதான். அதனால் மேலே தங்களைக் குறித்து எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திருத்தம் மட்டும் போடுங்கள். தவறான செய்தி தந்தவர் அவள் அப்பா என்று என் பெயரோடு போடுங்கள். நாளைக்கு ஐந்தாவது தடவை. பஸ் ஏறியதும், அவருக்கு ஓங்கரிப்பு தொடங்குவதற்கு முன்னால், மைமூன் பீவியிடம் இதை நான் வாயால் சொல்லவேண்டும்.