வெயிலில் காய்ந்த லெவல் ஆறு

தன் மூளை சரியாக இருக்கிறதா என்று கைபேசியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மனுஷர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் மயிலாப்பூரில், என் தலைக்கு நேர் மேலே, முதல் மாடியில் குடியிருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சமையல் கேஸ் புத்தகத்தில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் லெவல் மாமா.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பைத்தியம், அரைப் பைத்தியம், லீவுக்காகப் பைத்தியமாக நடிக்கிறவன் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷரை எந்த வார்டில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கைபேசியில் செஸ் ஆடுவது அவர் வேலை. அதில் ஒன்று, இரண்டு என்று லெவல் இருக்கும். லெவல் ஏற ஏற போன் கெட்டிக்காரத்தனமாக ஆடும். மாமா லெவல் ஆறை ஜெயிப்பார். அதைப் பால்காரரிடமும் சொல்வார், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமும் சொல்வார். சொன்னால் போகட்டும். எதிரே நிற்கிறவரின் போனையும் வாங்கி, அதிலும் செஸ்ஸை இறக்கி, அது எப்படி ஆடுகிறது என்று சோதிப்பார். கூரியர் கொண்டுவந்தவர் தன் போனுக்காக எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்ததை நானே பார்த்தேன். தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏறியவர், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு அந்தக் கையாலேயே போனை வாங்கிக்கொண்டார். பின்னால் மொய்க் கவரோடு ஒரு வரிசையே நின்றது. இறங்கும்போது பெண்ணின் அப்பாவிடம், மாப்பிள்ளை சுமார்தான், போன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இவருக்கு ஒரே பெண். பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே வீடு. அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு வரச்சொல்லி மன்றாடிப் பார்த்தாள். இவர் அசையவில்லை. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூங்காவுக்கு நடக்கப் போய்விட்டார். புகை வந்து, என்னிடமிருந்த மாற்றுச் சாவியில் கதவைத் திறந்து நான்தான் அடுப்பை அணைத்தேன். பெண் ஓடி வந்தாள். அப்பாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது, இனி தனியாக விடமாட்டேன் என்று ஒரே அழுகை.

அப்போது மாமா ஒரு ஒப்பந்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண் கண் முன்னால் லெவல் ஆறில் ஒரு ஆட்டம் ஆடுவார். ஜெயித்தால் மயிலாப்பூரிலேயே இருப்பார். தொடர்ந்து தோற்றால் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பெருங்குடிக்குப் போய்விடுவார். பாலைக் கருகவிட்டதற்கும் செஸ்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டேன். அப்பாவும் பெண்ணும் என்னை ஒன்றும் தெரியாதவளாகப் பார்த்தார்கள். போதாததற்கு என்னையே சாட்சியாகவும் உட்காரவைத்தார்கள். குதிரை தாவும் என்பதைத் தவிர எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது.

பல வருஷம் ஞாயிறு தவறாமல் ஜெயித்தார். பிறகு அந்தப் பழைய போனின் கண்ணாடி உடைந்தது. பெண் பாண்டி பஜாரில் ஒரு கடையில் அதைக் கொடுத்துவிட்டு, விலை உயர்ந்த புது போன் வாங்கி வந்தாள். அதே செஸ்ஸை இறக்கினாள். அதே லெவல் ஆறு.

அந்த ஞாயிறு மாமா தோற்றார். அடுத்த ஞாயிறும் தோற்றார். அதற்கடுத்த வாரம் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ராணியைப் பறிகொடுத்தார். பெண் போகும்போது அப்பாவின் கட்டில் பெருங்குடி வீட்டில் கொள்ளுமா என்று புடவைத் தலைப்பால் அளந்துகொண்டு போனாள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகக் கீழே வந்து என் காதில் சொன்னாள்.

மறுநாள் மாமா என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை.

"நர்ஸம்மா, மூளை போயிண்டே இருக்குன்னா, அது போறவனுக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அங்கேயே நிற்கவைத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். நான் சரிபார்ப்பதற்குள் முடித்துவிட்டார். காலையில் என்ன சாப்பிட்டார், நேற்று யார் வந்தார்கள், என் மருமகள் பெயர் என்ன, எல்லாம் கேட்டேன். மருமகளுக்கும் எனக்கும் என்ன சண்டை என்பது வரை சொன்னார். மூளை சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் தோற்கிறார்? அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

போன் இன்டர்நெட் வழியாக வெளியே யாரையோ கேட்டு ஆடுகிறது என்று முதலில் சந்தேகப்பட்டார். எல்லாத் தொடர்பையும் துண்டித்துவிட்டு ஆடினார். தோற்றார். ரொம்ப நேரம் ஆடினால் போன் சுடுகிறது, சூட்டில் அதற்கு வெறி பிடிக்கிறது என்று அடுத்த சந்தேகம். ஃப்ரிட்ஜில், தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து ஆடினார். ஜில்லென்று வந்த போன் முன்னைவிட மோசமாக அவரை அடித்தது.

அந்த வாரம் வழக்கம்போல மீன்காரம்மா வந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவர், நான் வாடிக்கை. மீன் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துகிற மாமா அன்றைக்குப் படி இறங்கி வந்து போனைக் கேட்டார்.

"இன்னா சாமி, யாருக்குப் பேசணும்?"

"பேச வேண்டாம்மா. ஆடணும்."

"ஆடு, பாடு, இன்னா வேணா பண்ணு. கூடை மேல வெயில்ல கெடந்துச்சு, கொதிக்குது. பாத்துப் புடி."

பழைய மலிவு போன். மாமா செஸ்ஸை இறக்கி லெவல் ஆறில் ஆடினார். நான் மீனைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது ஜெயித்திருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட்டருகே அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர்.

"இன்னாத்துக்கு சாமி அழுவுற? நானே இன்னும் பாதி மீன் விக்கல" என்றார் மீன்காரம்மா.

மாமா கணக்குப் போட்டுவிட்டார். ஃப்ரிட்ஜில் வைத்தால் போனுக்குப் புத்தி கூடுகிறது. வெயிலில் வைத்தால் குறைகிறது. முடிந்தது விஷயம். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே நான் வடாம் பிழிந்து காயவைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தட்டு போட்டுப் போனையும் காயவைத்தார். நன்றாகச் சுட்டதும் ஆடினார். ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார்.

நான் மேலே ஏறிப் போய்க் கத்தினேன். மூளை நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக மூளை உருகுகிற வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம் என்றேன். அவர் தலைக்கு மேல் இருந்த குடையைக் காட்டினார்.

"எனக்குக் குடை இருக்கு. அதுக்குத்தான் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். வீட்டில் அப்பா இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தாள். உச்சி வெயிலில் அப்பா குடைக்குக் கீழே, போன் வடாத்துக்குப் பக்கத்தில். அவ்வளவுதான், மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை.

"அழாதேடா. இன்னும் கொஞ்சம் சுடட்டும், ஆடிக் காட்டறேன்" என்று மாமா வேறு சொன்னார்.

"போனை வெயில்ல காயப்போட்டு ஜெயிச்சாத்தான் நீ நன்னா இருக்கேன்னு அர்த்தமாப்பா? என்னால முடியலைப்பா."

என்னாலும் முடியவில்லை. நடுவில் புகுந்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். ஃப்ரிட்ஜ், தயிர், மீன்காரம்மா போன், எதையும் விடவில்லை. மீன்காரம்மா போனில் ஜெயித்தார் என்று சொன்ன இடத்தில் அவள் அழுகை நின்றுவிட்டது.

"அந்தப் போன் எவ்வளவு பழசு ஆன்ட்டி?"

"மீன் கூடையவிடப் பழசு" என்றேன்.

அவள் எழுந்து, கொதிக்கிற போனைத் துப்பட்டாவில் பிடித்து எடுத்து, செஸ்ஸுக்குள் எங்கேயோ போய் எதையோ படித்தாள். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஆட்டத்தில் லெவல் என்பது யோசிக்க விடுகிற நேரமாம். ஆறு என்றால் இத்தனை விநாடி. பழைய போன் அந்த விநாடிகளில் கொஞ்சம்தான் யோசிக்கும். புது போன் அதே விநாடிகளில் பல மடங்கு யோசிக்கும். பரீட்சை நேரம் ஒன்றுதான், எழுதுகிற பையன் வேறு. ரொம்பச் சூடானால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் வெயிலில் மந்தமாகிவிட்டது. ஆறும் ஆறும் எப்படி வேறு வேறாக இருக்கும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் சொன்னாள். பாதிதான் புரிந்தது.

"என் வேலையே இதுதான் ஆன்ட்டி. எனக்குத் தோணவே இல்லை" என்றாள். இவ்வளவு பயந்துகிடந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

மாமா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவர் முகம் இன்னும் தொங்கிவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷம் தான் ஜெயித்தது ஒரு மக்குப் போனையா என்று கேட்டார். எனக்கு அவரை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. பெண் அவர் குடைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"போனுக்கு வேகம் கூடியிருக்குப்பா. உனக்கு ஒண்ணும் குறையலை."

மாமா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். மறுபடியும் கேட்டார்.

ஒப்பந்தம் அன்றோடு ரத்து என்றாள், டாக்டரும் வேண்டாம் என்றாள். புது போனில் லெவல் நாலு வைத்தால் பழைய ஆறுக்குச் சரியாக இருக்கும் என்றாள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. நாலு என்று சொன்னால் தெருவில் மானம் போய்விடுமாம்.

இதோடு என் தலைவலி தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதமே மாமா சாமான்களைக் கட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயித்தாயிற்று, இனி யாரும் கூப்பிடப்போவதில்லை, இப்போது எதற்கய்யா பெருங்குடி என்று சண்டைக்கே போனேன்.

"அவ படியில உக்காந்து அழுததைப் பார்த்தேள் இல்லையா நர்ஸம்மா. தோத்துட்டுப் போகமாட்டேன்னுதான் பிடிவாதம் பிடிச்சேன். போகவே மாட்டேன்னா சொன்னேன்?"

கட்டிய சாமானில் பாதி என் வீட்டிலிருந்து அவர் வாங்கிப்போன பாத்திரங்கள். கேட்டு வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

இப்போது மத்தியானம் நான் கண்ணசருகிற நேரம் பார்த்துப் போன் பண்ணுகிறார். அங்கே அடுக்குமாடியில் எல்லாரிடமும் விலை உயர்ந்த போன், தினம் தினம் தோற்கிறேன் என்று குஷியாகச் சொல்கிறார். யார் போன், எப்படித் தோற்றார் என்று முழுக் கதையும் சொல்கிறார். எனக்கு ஒரு வரி புரிவதில்லை. வயசான காலத்தில் வேறு வேலை இல்லையா என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். அவரே வைக்கிற வரைக்கும் நான் போனை வைப்பதில்லை.